சத்தம் போடாத துப்பாக்கி

அந்த உடுப்பு ஆலையின் இரண்டாம் மாடி முழுக்கத் தையல் மிஷின்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடினால் எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். திட்டுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அந்த மாடியில் மிஷின் பழுது பார்ப்பவள் ஒரு பெண். மேலங்கிப் பையில் குட்டையான ஒரு திருப்புளி எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் அவளுக்குத் 'திருப்புளி அக்கா' என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அவருக்குக் காரியம் ஆக வேண்டுமே.

தொழிலில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முதலாவது, நல்ல மிஷின் சத்தம் போடாது. "சத்தம் போடுற மிஷின் அழுவுற மிஷின். எங்க உரசுதுன்னு பாரு, முதல்ல அதைத் தேடு" என்று கூட வேலை பார்க்கிறவர்களை விரட்டுவாள். இரண்டாவது, ஓட்டுகிறவளைப் பார்க்காமல் மிஷினைத் தொடமாட்டாள். ஊசி உடைகிறது என்று யாராவது கையைத் தூக்கினால் போய்ப் பின்னால் நின்றுகொள்வாள். திருப்புளி பையிலேயே இருக்கும். "நீ பாட்டுக்குத் தை. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோ." கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் கைகளையே பார்ப்பாள். துணியை இடது கையால் வெடுக்கென்று இழுக்கிறாள், அதில்தான் ஊசி வளைகிறது என்று தெரியும். ஏன் இழுக்கிறாள்? நாற்காலி தாழ்வு, கை எட்டவில்லை. நாற்காலியை உயர்த்திவிட்டுத் தன் வழியே போய்விடுவாள். மிஷினில் ஒரு திருகைக்கூட அசைத்திருக்கமாட்டாள்.

இவ்வளவு கெட்டிக்காரியான அவள் சொந்த வீட்டில் எப்படிக் கோட்டைவிட்டாள் என்பதுதான் கதை.

சாயங்காலம் வீடு வந்து சேரும்போது அவளுக்கு உயிர் இருக்கும், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றினால் பாதம் வார் பதிந்து வீங்கியிருக்கும். சமையலறையில் முக்காலியைப் போட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்காருவாள். காதுக்குள் மட்டும் இரண்டாம் மாடி ஓடிக்கொண்டே இருக்கும். டிவி கூடாது, ரேடியோ கூடாது. காற்றாடி கடகடவென்று ஒரு சுற்றுச் சுற்றினாலும் போய் நிறுத்திவிடுவாள். வேர்த்தால் வேர்க்கட்டும். உலகத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கொஞ்சம் அமைதி. அதற்குக்கூட வழி இல்லாமல் போனது, வாழ்க்கைப்பட்ட இடம் அப்படி.

கணவர் கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருப்பவர். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் ஒட்டுப்பலகைத் தட்டி ஒன்று, அதில் வரிசை வரிசையாகப் பலூன்கள், முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளப் பலகை, அதன்மேல் இரண்டு காற்றுத் துப்பாக்கிகள். இருப்பதிலேயே மலிவான ரகம். கனமானதற்குப் பெரியவன் என்றும், கட்டையானதற்குச் சின்னவன் என்றும் அவர் பெயர் வைத்திருந்தார். குழந்தை இல்லாத வீடு, ஆனால் காலையில் எழுந்தால் இதே பேச்சு. "பெரியவன் நேத்து ரொம்ப மக்கர் பண்ணிட்டான்." "சின்னவனைத் துடைச்சு வெச்சீங்களா?" பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் இரண்டு பையன்கள் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் "பெரியவனை அக்கு வேறு ஆணி வேறாக் கழட்டிட்டேன்" என்று திருப்புளி அக்கா சொன்னதைக் கேட்டுப் பதறிப்போய்க் கதவைத் தட்டிவிட்டாள்.

இந்த வகைத் துப்பாக்கியில் மருந்தும் கிடையாது, நெருப்பும் கிடையாது. குழலைப் பிடித்து நடுவில் மடக்க வேண்டும். மடக்க மடக்க உள்ளே இருக்கிற தடித்த ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ஈயக் குண்டை வைத்துக் குழலை நிமிர்த்தி விசையை இழுத்தால், ஸ்பிரிங் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மடக்கு. சுட வருகிறவர்களிடம் மடக்கக் கொடுத்தால் விரலை நசுக்கிக்கொள்வார்கள் என்பதால் எல்லா மடக்கும் அவருடையது. சாயங்காலம் தொடங்கிக் கூட்டம் கலையும்வரை மடக்கு, மடக்கு, மடக்கு. வலது தோள்பட்டை எத்தனை காலம்தான் தாங்கும்? சட்டை போடும்போது முனக ஆரம்பித்தார். பிறகு முனகாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் அவள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தக் கையால என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"துப்பாக்கி" என்றார் அவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பலூன் துப்பாக்கிங்க" என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார், கடைசியில் தலையை ஆட்டினார். "இன்னும் இப்படியே இழுத்துக்கிட்டிருந்தா, தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாது."

"வாருறதுக்கு அங்க என்ன இருக்கு" என்று அவர் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "எங்க ஆலை வாசல்ல காவலுக்கு ஆள் தேடுறாங்க. சொல்லி வைக்கட்டுமா?"

"உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டிருக்கச் சொல்றியா?"

"கை போயிடும்ங்க."

"கடை போனா மட்டும் நான் என்னத்துக்கு ஆவேன்?"

அவருக்குக் கடையைத் தவிர வேறு எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. கடலைப் பார்த்து நின்று பழகிய மனுஷனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தால் ஒரு வருஷத்தில் ஆள் உருக்குலைந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். கையும் வேண்டும், கடையும் வேண்டும். வேறு வழியே இல்லை, துப்பாக்கி இளக வேண்டும்.

"பெரியவனை இந்த ஞாயித்துக்கிழமை என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தூங்குகிற நாள். வாரம் முழுக்க நின்ற கால் அன்றைக்குத்தான் நீளும். அந்த நாளைத்தான் கொடுத்தாள். கொடுத்ததோடு முதல் வாரமே அசடும் வழிந்தாள். தையல் மிஷின்காரி என்ன செய்வாள்? காற்றுத் துவாரத்தில் தாராளமாக மிஷின் எண்ணெயை ஊற்றிவிட்டாள். கொல்லைச் சுவரில் மண் மூட்டையைச் சாய்த்து அவர் ஒரு தடவை சுட்டதும் 'படார்' என்று வெடித்து, குழல் நுனியில் புகை வந்தது. அழுத்தத்தில் காற்று சூடாகி எண்ணெயைப் பற்றவைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் அன்றைக்கும் கதவைத் தட்டினாள்.

"பெரியவன் சிகரெட் பிடிக்கக் கத்துக்கிட்டான்" என்றார் கணவர்.

"வாயை மூடுங்க" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு ஒழுங்காக உட்கார்ந்தாள். வெட்டு மேசையில் துணியைப் பிடிக்கிற நீளமான இரும்புக் கவ்வி ஒன்றை ஆலையில் சொல்லிவிட்டு எடுத்துவந்தாள். துப்பாக்கியை அதன் மரப்பிடியிலிருந்து பிரித்து, கவ்விக்குள் நீளவாக்கில் வைத்து இறுக்கி, பின்பக்கத்தைப் பூட்டியிருந்த ஊசியாணியைத் தட்டி எடுத்து, கவ்வியைத் துளித்துளியாகத் தளர்த்தினாள். ஸ்பிரிங்கைச் சும்மா விட்டால் முகத்தில் பாயும். வெளியே வந்ததும் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது என்ன, லாரிக்குப் போடுற ஸ்பிரிங்கா?" என்று வைதாள். பத்தடி தூரத்தில் இருக்கிற பலூனை உடைக்க இவ்வளவு வேகம் எதற்கு? எவனோ பெட்டிமேல் வேகத்தைப் பெரிய எண்ணாக அச்சடிக்க ஆசைப்பட்டிருக்கிறான், அவள் கணவரின் தோள் அதற்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் வந்தது. செய்தவன் ஓரங்களைத் தேய்க்காமலே விட்டிருந்தான். குழாயின் வெட்டுவாய் ரம்பம்போல இருந்தது, தோல் வளையத்தை அது கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. கிரீஸ் காய்ந்து மெழுகாகிவிட்டது. ஸ்பிரிங்கின் நடுவே செருகியிருந்த தகரக் குழாய் லொடலொடவென்று ஆடியது. ஸ்பிரிங் பாயும்போதெல்லாம் அந்தத் தகரத்தில் உதறி உதறி ஓர் ஓலம் கிளம்பும். 'டொய்ங்ங்' என்று, ஓட்டை அண்டாவைக் கரண்டியால் தட்டினதுபோல. பெரியவனின் அந்தக் குரலை அவள் கல்யாணமான நாளிலிருந்து வெறுத்தாள். வீட்டில் வைத்து அவர் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் அது நேரே அவள் பல்லுக்குள் போய் இறங்கும்.

சின்ன அரத்தால் ஓரங்களைத் தேய்த்தாள். உப்புத்தாளால் பிஸ்டனைக் கண்ணாடியாக்கினாள். ஸ்பிரிங்கில் கொஞ்சம் வெட்டி, நுனியை அடுப்பில் பழுக்கக் காட்டி மட்டமாக வளைத்தாள். பழைய இடுப்புவாரை வெட்டிப் புதுத் தோல் வளையம் போட்டாள். ஆடிக்கொண்டிருந்த தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூல்கண்டு சுற்றிவரும் பிளாஸ்டிக் குழாயை அளவாக நறுக்கி, ஷாம்பு பாட்டிலிலிருந்து கத்தரித்த பட்டையை அதன்மேல் சுற்றி ஸ்பிரிங்குக்குள் சிக்கென்று உட்காரவைத்தாள். கடைசியாக, ஆலையில் பெரிய பல்சக்கரங்களுக்குப் பூசுகிற கெட்டியான கறுப்பு கிரீஸை ஸ்பிரிங்மேல் மட்டும் தடவினாள். ஒரே நாளில் முடிந்த காரியம் இல்லை. பல ஞாயிறுகள் போயின. முதுகு பிடித்துக்கொள்ளும்போது அப்படியே தரையில் சாய்வாள், ஸ்பிரிங்கைக் கையில் வைத்தபடியே தூங்கிவிடுவாள்.

கடைசி ஞாயிறன்று பகலில் அவர் குழலை மடக்கினார். சுண்டு விரலுக்கே மடங்கிவிடும்போல அவ்வளவு இளக்கமாக வந்தது. மண் மூட்டையைப் பார்த்துச் சுட்டார்.

'தப்.'

அவ்வளவுதான். தலையணையை மெத்தைமேல் போட்ட மாதிரி. அதிர்வில்லை, ஓலம் இல்லை.

"கேட்டுதா?" என்றாள் அவள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "சத்தமே இல்லை பாத்தீங்களா? இவ்வளவு வருஷமா அழுதுக்கிட்டிருந்தான். இன்னைக்குத்தான் வாயை மூடினான்!"

அவர் துப்பாக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "பிரமாதம்மா" என்றார். "உன் கை யாருக்கு வரும்?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு வாளித் தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை. 'அப்பாடா' என்று காலை நீட்டித் தூங்கினாள்.

அவர் தோள் தேறி வந்தது. சட்டை போடும்போது முனகல் இல்லை. சின்னவன் சுபாவத்திலேயே சாது, மடக்கச் சிரமம் தராதவன், அதனால் அவனை அவள் தொடவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அவர் காலையில் எழுந்ததும் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

"என்னங்க, தோள் போய்க் கழுத்து வந்துடுச்சா?"

"தலைகாணி சரியில்லை" என்றார்.

அவளும் தலையணையை வெயிலில் போட்டு அடித்து வைத்தாள். அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. அந்த மாதம் ஆலையில் ஏற்றுமதி அவசரம், இரண்டாம் மாடி இரண்டு மடங்காக அலறிக்கொண்டிருந்தது.

அவள் வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் போன் அடித்தது. கடற்கரையில் கணவருக்குப் பக்கத்தில் வண்டி போட்டிருக்கும் ஐஸ்காரர்.

"அண்ணி, பயப்படாதீங்க" என்றார்.

இப்படிச் சொன்னபிறகு யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? "என்னாச்சு? அவருக்கு என்னாச்சு?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்லை அண்ணி, கழுத்துல குண்டு பட்டுடுச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்துட்டோம். நல்லாப் பேசிட்டு இருக்காரு."

கழுத்தில் குண்டாம், ஒன்றுமில்லையாம். ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அதே டாக்டர்தான். அவர் குண்டை எடுத்து முடித்திருந்தார். பின்கழுத்தில், முதுகெலும்பு தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், தோலுக்கடியில் போய் நின்றிருந்ததாம். வெள்ளைத் தட்டில் ஒரு கடுகுக் கறுப்பாக அது கிடந்தது.

"நல்ல வேளை, வேகம் குறைஞ்ச துப்பாக்கி" என்றார் டாக்டர். "இல்லேன்னா என்னைத் தேடி வந்திருக்க மாட்டீங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்சம் மூச்சுவிட்டாள். ஸ்பிரிங்கை வெட்டியது தான்தானே, தன் கைதானே காப்பாற்றியது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவரைக் கூட்டிவந்தாள். வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் குப்புறப் படுத்தபிறகுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குண்டு போட்ட துப்பாக்கி இன்னொருத்தர் கையில இருக்கும்போது எப்படிங்க முன்னாடி போனீங்க? கண்ணு எங்க போச்சு?"

"சுட்டாச்சுன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா? திரும்பிப் பாக்குறதுக்கு என்ன?"

"தினமும் பாத்துக்கிட்டுதாம்மா இருந்தேன்." தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒவ்வொரு பலூன் மாட்டப் போகும்போதும் திரும்பித் திரும்பிப் பாத்து, கழுத்தே பிடிச்சுக்கிச்சு. இன்னைக்கு நல்ல கூட்டம். ஒரு தடவை பாக்கலை."

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "முன்னெல்லாம்?"

"முன்னெல்லாம் எதுக்குப் பாக்கணும்? ரெண்டு துப்பாக்கியும் ரெண்டு பேர் கையில இருக்கும். நான் தட்டிக்குப் பக்கத்துல திரும்பி நின்னு பலூன் ஊதிக்கிட்டிருப்பேன். பெரியவன் டொய்ங்னு சொல்லுவான், சின்னவன் சடக்குனு சொல்லுவான். ரெண்டு பேரும் சொல்லிட்டா ரெண்டும் காலின்னு அர்த்தம். நான் பாட்டுக்கு உள்ளே போய் மாட்டிட்டு வருவேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பினது கிடையாது." தலையணையை நெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார். "இப்போ பெரியவன் பேசுறதில்லை. அலை சத்தத்துல அந்தத் தப் காதுல விழறதே இல்லை. இன்னைக்கு விழுந்துச்சு. சின்னவன் சொன்னான், அப்புறம் தப்புனு கேட்டுச்சு. அப்பாடா, ரெண்டும் முடிஞ்சுதுன்னு உள்ளே போனேன். அது பெரியவன் இல்லை. பெரியவனைக் கையில வெச்சிருந்த பொண்ணு கைப்பையைத் தூக்கிப் பலகை மேல வெச்சிருக்கு, அப்புறம்தான் சுட்டிருக்கு."

அவள் அவர் கழுத்துக் கட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன அழுகை அழுதா தெரியுமா? அதைச் சமாதானம் பண்றதுதான் எனக்குப் பெரும்பாடாப் போச்சு" என்றார் அவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. சத்தம் வேணும்னு. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நீ அன்னைக்கு அப்படிச் சிரிச்சே. நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. அதைப் போய்க் கெடுப்பாங்களா?"

அவள் அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. அவர் தன்னிடம் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, அந்த மனுஷன் எப்போதும் அப்படித்தான். தன்னை நினைத்துத்தான் அழுதாள். முன்பின் தெரியாத பெண்ணுக்கு ஊசி உடைந்தால் பின்னால் போய் நின்று கையைப் பார்க்கிறவள். இவருக்குப் பின்னால் ஒரு சாயங்காலம் போய் நின்றாளா? கடைக்கு அவள் போவதே அபூர்வம், போனாலும் பலகைக்கு இந்தப்புறம் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்று திரும்பிவிடுவாள். தனக்கு அமைதி வேண்டியிருந்தது. அதனால் அவருடைய துப்பாக்கியின் வாயை அடைத்துவிட்டாள்.

"ஊர்ல உள்ளவங்க கையை எல்லாம் பாத்தேன்ங்க" என்றாள். "நீங்க எப்படி நிக்கிறீங்கன்னு ஒரு நாள் வந்து பாக்கலையே, பாவி."

"சரி விடு" என்றார் அவர். குப்புறப் படுத்தபடியே ஒரு கையை நீட்டித் துழாவி, அவள் முழங்காலைத் தட்டினார். வலது கைதான். நன்றாகவே நீண்டது.

அடுத்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மிஷினைக் கெடுக்க அவள் உட்கார்ந்தாள். ஸ்பிரிங்கின் இளக்கம் இருக்கட்டும், அது தோளுக்கு. சத்தம் மட்டும் திரும்ப வேண்டும். கறுப்பு கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினாள். பிளாஸ்டிக் குழாயையும் ஷாம்பு பாட்டில் பட்டையையும் உருவினாள். ஓட்டை உடைசல் டப்பாவில் போட்டிருந்த பழைய தகரக் குழாயை நல்ல வேளையாக யாரும் கொட்டவில்லை, அதைத் தேடி எடுத்து உள்ளே செருகினாள். மாட்டிச் சுட்டால் 'டக்' என்றது.

"அது பெரியவன் குரல் இல்லை" என்றார் கட்டிலிலிருந்து கணவர்.

"தெரியுது. சும்மா இருங்க."

மறுபடி கவ்வி, மறுபடி ஊசியாணி. வெட்டின ஸ்பிரிங் முன்போல உதறவில்லை. தகரத்தை இன்னும் ஒல்லியாக்கினாள். ஸ்பிரிங்குக்கு அடியில் தளர்வான ஓர் இரும்பு வளையத்தைப் போட்டாள், நல்ல மெக்கானிக் யாராவது பார்த்தால் காறித் துப்புவான். கை கூசியது. ஒரு திருகை வேண்டுமென்றே பாதியில் விடுவது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. 'டங்' என்றது. பிறகு 'டொங்'. பொழுது சாயும்போது 'டொய்ங்' மாதிரி ஏதோ வந்தது.

"கிட்ட வந்துட்டான்" என்றார் அவர்.

கழுத்துக் கட்டுப் பிரித்து அவர் கடைக்குத் திரும்பிய அன்று, அவளும் ஆலையில் சீக்கிரம் சொல்லிவிட்டு அவரோடு போனாள். கவ்வியும் திருப்புளியும் பையில் இருந்தன. போனதும் தட்டி ஓரமாக நின்றுகொண்டாள்.

"நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க."

நின்று பார்த்தாள். அவர் மடக்குவதை, குண்டு வைப்பதை, கொடுத்துவிட்டுத் திரும்புவதை, பலூனை ஊதும்போது தலையை லேசாகச் சாய்த்துக் காதைப் பலகைப் பக்கம் வைத்துக்கொள்வதை. அந்தச் சாய்ப்பு ஒன்றைப் பார்த்திருந்தால் போதும், கறுப்பு கிரீஸ் டப்பாவை அவள் திறந்தே இருக்கமாட்டாள்.

கூட்டம் கொஞ்சம் விட்டதும் பலகையின் உள்பக்கத்தில் இரண்டு கொக்கிகளை அடித்தாள். "உள்ளே போறதுக்கு முன்னாடி ரெண்டையும் வாங்கி இதுல மாட்டணும். மாட்டிட்டுத்தான் போகணும். கேட்டுதா?"

"சரி சரி" என்றார் அவர்.

அந்தச் 'சரி சரி'யோடுதான் அவள் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். கூட்டம் நெரித்தால் கை மறந்துவிடும், காது மறக்காது. அதனால் பெரியவனில் குண்டு போட்டுத் தயாராக வைக்கும்படி அவரிடம் சொன்னாள். பலகைக்குப் பக்கத்தில் மண் வாளி ஒன்றை வைத்தாள்.

"நான் சொல்லும்போது இந்த வாளிக்குள்ள சுடுங்க."

"நீ எங்க போறே?"

அவள் உள்ளே நடந்து, பலூன் தட்டிக்கு முன்னால் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவர் தினமும் நிற்கிற இடம். பலூன்கள் மூக்கை உரசின. அங்கே நின்றதும்தான் பின்கழுத்து எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று தெரிந்தது. அலை இரைந்தது. ரோட்டில் ஹாரன் சத்தம், ஐஸ்காரரின் மணி, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"சுடுங்க" என்றாள். காத்திருந்தாள். "சுடுங்கங்க!"

"சுட்டாச்சும்மா" என்றார் அவர்.

அவளுக்குக் கேட்கவே இல்லை. வீட்டுக் கொல்லையில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது இங்கே ஒன்றுமே இல்லை. அவள் திரும்பி வந்து, துப்பாக்கியை வாங்கி, ஐஸ்காரரின் பெட்டிமேல் வைத்துக் கவ்வியை மாட்டினாள்.

"அண்ணி, ஐஸ்ல கிரீஸ் பட்டுடப் போவுது" என்றார் ஐஸ்காரர்.

"பட்டா நக்கிக்கிறேன், தள்ளுங்க."

பிளாஸ்டிக் ஒட்டுத் துணுக்கு ஒன்று உள்ளே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தகரத்தின் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு கிரீஸும். தலைப்பாலேயே துடைத்தாள். இரும்பு வளையம் இரண்டாகப் போட்டாள். பூட்டினாள். மறுபடியும் போய்த் தட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று, பலூன்களைப் பார்த்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள்.

'டொய்ங்ங்!'

அலையைத் தாண்டி, ஹாரனைத் தாண்டி, நேரே அவள் பல்லுக்குள் வந்து இறங்கியது. அதே ஓட்டை அண்டா. ஐஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைக் காட்டாமல் அங்கேயே நின்றாள். கால் வலித்தது, நாளெல்லாம் நின்ற கால், நாளைக்கும் நிற்க வேண்டிய கால்.

"கேட்டுதாம்மா?" என்றார் அவர்.

"கேட்டுது" என்றாள். "இன்னொரு தடவை சுடுங்க."